பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காத மருந்து

ஹெச்1என்1 என்ற ஃபுளூவான பன்றிக் காய்ச்சல் பரவிய 2009-இல், புனே நகரில் சளிப் பரிசோதனைக்காக மக்கள் முகத்தை மூடிக்கொண்டு நீண்ட வரிசையில் நின்றார்கள். அதே ஆண்டில் மத்திய சுகாதார அமைச்சகம் மருத்துவர்களுக்குத் தந்த வழிகாட்டுதலோ, நோய் முற்றாதவர்களுக்குப் பரிசோதனையே தேவையில்லை என்றது. கேட்டதும் அலட்சியம் போலத் தோன்றும். வைரஸ் உடலுக்குள் என்ன செய்கிறது என்று பார்த்தால் அதன் நியாயம் புரியும்.

நம் மூக்கு, தொண்டைச் செல்களின் மேற்பரப்பில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை மூலக்கூறு உண்டு. ஃபுளூ வைரஸ் ஹீமக்ளூட்டினின் என்ற புரதத்தால் அதைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது, பெருகுகிறது. புதிய வைரஸ்கள் வெளியேறும்போது அதே சர்க்கரை, பலாப்பிசின் கையில் ஒட்டுவதைப் போல அவற்றை விடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்த ஒட்டை வெட்டிவிடத்தான் வைரஸிடம் நியூராமினிடேஸ் என்ற நொதி இருக்கிறது. ஹெச்1என்1 என்ற பெயரிலுள்ள 'ஹெச்', 'என்' இரண்டும் இந்தப் புரதங்களே. 'டாமிஃபுளூ' என்று நாம் அறிந்த ஓசல்டாமிவிர் அந்த நொதியை அடைத்துவிடும். வைரஸ் பிறந்த இடத்திலேயே சிக்கிக்கொள்ளும்.

இந்த மருந்தைச் செய்ய உதவும் ஷிகிமிக் அமிலத்தைப் பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவிலிருந்துதான் பெருமளவில் எடுத்தார்கள். அதற்காக அன்னாசிப்பூக் கஷாயம் குடித்தால் ஃபுளூ போய்விடாது. அமிலம் மருந்தாக மாறுவதற்குள் பல வேதிவினைகளைக் கடக்க வேண்டும்.

ஏற்கெனவே வெளியேறிப் பரவிவிட்ட வைரஸை இம்மருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. வைரஸின் பெருக்கமோ முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. ஆகவே அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். ஆய்வக முடிவு வரும்வரை காத்திருந்தால் அந்த நேரம் கையைவிட்டுப் போய்விடும். உடனடி முடிவு தரும் பரிசோதனைகளோ, நோய் இருந்தும் சிலருக்கு 'இல்லை' என்று காட்டிவிடும்.

அதனால் வழிகாட்டுதல் நோயாளியைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்கிறது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி என்றால் 'ஏ' பிரிவு: வீட்டில் ஓய்வு, 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி ஒரு பார்வை. கடும் காய்ச்சலும் தொண்டை வலியும் இருந்தாலோ, நோயாளி கர்ப்பிணி, முதியவர், சர்க்கரை நோயாளி, இதயம் அல்லது நுரையீரல் பழுதுபட்டவர் என்றாலோ 'பி': பரிசோதனை இல்லாமலே மருந்து. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், நகம் நீலம் பாரித்தல் வந்தால் 'சி': உடனே மருத்துவமனை, பரிசோதனை, சிகிச்சை. இவர்களுக்கு 48 மணி நேரம் கடந்திருந்தாலும் மருந்தைத் தொடங்கவே வேண்டும்.

குழந்தை என்றால் சட்டையைத் தூக்கிவிட்டு, அழுகை அடங்கிய பிறகு, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் நிமிடத்துக்கு 40-ஐத் தொட்டாலே எச்சரிக்கைதான். கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் அந்த ஒரு நிமிடம் பெரிய செலவு. ஆனால் எந்தக் கருவியும் இல்லாத இடத்திலும் உயிரைக் காக்கும் செலவு அது. மூச்சை உள்ளிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். காய்ச்சலுக்காகக் குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுத்துவிடக் கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய் நோய்க்குறிக்கு அது வழிவிடும்.

ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. நாமே கேட்டு வாங்குகிறோம் என்பது வேதனை. அதற்கும் ஒரு தருணம் வரலாம்: காய்ச்சல் விட்டு, நோயாளி எழுந்து நடமாடி, ஓரிரு நாளில் மறுபடி காய்ச்சலும் நிறம் மாறிய சளியும் வந்தால், ஃபுளூ புண்ணாக்கிய நுரையீரலில் பாக்டீரியா குடியேறியிருக்கக்கூடும். 'ஏ' பிரிவு என்று வீட்டுக்கு அனுப்பும்போதே இதைச் சொல்லி அனுப்ப வேண்டும்.