வைரம் பாய்ந்த மரமும் முறியும்

போன வாரம் பட்டறையைத் திறக்கும் முன்பே ஒருவர் மகனோடு வாசலில் நின்றார். பையனின் புருவத்துக்கு மேல் மூன்று தையல். கையில் இரண்டாக முறிந்த வில். "அண்ணாச்சி, வைரம் பாஞ்ச கட்டைன்னு சொல்லித்தானே குடுத்திய?" என்றார் அப்பா. சொன்னது உண்மைதான். ஆனால் ஜன்னலுக்கு என்று கேட்டு வாங்கிப்போன வேங்கை ரீப்பர் (ஒல்லியான மரச்சட்டம்) அது. வீடியோவைப் பார்த்து வில் செய்து முறித்துக்கொண்டு, இந்த வருஷத்தில் இப்படி வருவது நாலாவது ஆள்.

இந்த 'வைரம்' என்ற சொல்தான் என் உயிரை வாங்குகிறது. வைரம் என்பது மரத்தின் நடுவில் கெட்டிப்பட்ட பகுதி. அது இருந்தால் கரையான் லேசில் அரிக்காது, மழைக்குச் சீக்கிரம் உளுக்காது. அவ்வளவுதான். வில்லுக்கு வேண்டியது, நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடுவது. பலகையின் முகத்திலும் இரண்டு பக்கவாட்டிலும் ரேகையைப் பாருங்கள். நடுவழியில் அது விளிம்பில் இறங்கிவிட்டால், வில் அங்கேதான் பிளக்கும். எத்தனை கெட்டியான மரமாக இருந்தாலும் சரி. மில்லில் மரத்தைக் கிடத்தி நேர்கோட்டில் அறுப்பார்கள். மரம் முறுக்கி வளர்ந்ததா என்று வாள் பார்க்காது. வேங்கையில் நார் பின்னிக்கொண்டே ஓடும். இழைப்புளி போட்டால் ஒரு பட்டை வழவழப்பாக வரும், அடுத்த பட்டை சிலும்பும். நிலைக்கும் ஜன்னலுக்கும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

வீடியோவில் வரும் அமெரிக்கக்காரர் அந்த ஊர் மரக்கடையில் ஹிக்கரியோ சிவப்பு ஓக்கோ வாங்கிச் செய்கிறார். பலகை பலகையாகப் புரட்டி அவர் ஒன்றைப் பொறுக்குகிற இடத்தைத்தான் நம்ம பிள்ளைகள் ஓட்டிவிட்டுப் பார்க்கிறார்கள்! கண்ணுக்கு ரேகை பிடிபடவில்லையா, இழைத்த இடத்தில் ஒரு சொட்டுப் பேனா மை வையுங்கள். நார் போகும் திசையில் மெல்லிய மீசை மாதிரி ஓடும். கணு உள்ள பலகையைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் நீளம். 28 அங்குலம் இழுக்க வேண்டுமானால் வில் 70 அங்குலமாவது இருக்கட்டும். பைக்கில் கொண்டுபோக வசதி என்று நாலடிக்கு நறுக்கிவிட்டு என்னிடம் வந்து அழக் கூடாது. கனத்தில், அதாவது தடிமனில், இன்னும் கவனம் வேண்டும்: அகலத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பும் இரண்டு மடங்கு, கனத்தை இரண்டு மடங்காக்கினால் எட்டு மடங்கு. ஓரிடத்தில் மட்டும் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இழைத்துவிட்டால், அங்கே கால் பங்குக்கு மேல் விறைப்பு போய்விடும். மொத்த வளைவும் அந்த ஒரே இடத்தில் வந்து விழும்.

கோயில் கொடைத் திருவிழா தோறும் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. அந்த வில்லை வீசுகோலால் அடிப்பார்கள். காது வரை யாரும் இழுப்பதில்லை. அதைப் பார்த்துவிட்டு, அம்பு எய்யும் மரவில்லையும் நாணேற்றியபடியே சுவரில் மாட்டிவைக்கிறார்கள். வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும். வேலை முடிந்ததும் நாணை இறக்குங்கள்.

தம்பிமாரே, முதல் வளைப்பைத் தயவுசெய்து கையால் இழுக்காதீர்கள். வில்லைச் சுவரில் மாட்டி, கீழே ஒரு கப்பி போட்டு, கயிற்றைப் பிடித்தபடி ஓரமாக நின்று இழுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். வெளிமுகத்தின் விளிம்புகளை உப்புத்தாளால் மழுக்குங்கள். வெடிப்பு கூர்மையான விளிம்பில்தான் தொடங்கும். அம்பில்லாமல் நாணைச் சுண்டிவிடுகிற விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

அந்தப் பையனின் முறிந்த துண்டை இழைத்து மை வைத்தேன். மை ஓடிய திசையில் பென்சில் கோட்டை நீட்டினால், ஒரு சாண் போவதற்குள் விளிம்பில் இறங்கிவிட்டது. அப்பா குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "மிச்சம் ரெண்டு ரீப்பர் வீட்டுல கெடக்கு. ஜன்னலுக்கு ஆகும்லா?" என்றார்.

தாராளமாக ஆகும்.