கருகிய வால்வும் பழைய காரும்

அத்தானின் காருக்கு வயது 17. மூன்று சிலிண்டர் பெட்ரோல் வண்டி. திருநெல்வேலி சந்திப்பு ஈரடுக்குப் பாலத்தில் எப்போதும் மூன்றாவது கியரிலேயே ஏறிவிடும். போன ஐப்பசியில் இரண்டாவது கியருக்கே திணறியது. சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் நடுங்கியது. ஒரு பட்டறையில் எதையும் கழற்றிப் பார்க்காமலேயே, எஞ்சினை முழுசாக இறக்கி வேலை பார்க்க 45,000 ரூபாய் ஆகும் என்றார்கள். விற்றால் 60,000 தேறுவதே சிரமம். “வித்துரலாமா மாப்ளே?” என்று கேட்டார்.

விற்பதா வைப்பதா என்பதை அப்புறம் பேசலாம், முதலில் காற்று எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்போம் என்றேன்.

எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து போக ஒரு வாசல், எரிந்த புகை வெளியேற இன்னொரு வாசல். அந்த வாசல்களின் கதவுதான் வால்வு. காளான் போன்ற உருவம். குடைப் பகுதியின் விளிம்பு சாய்வாகக் கடையப்பட்டு, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டில் உள்ள ‘சீட்’ என்ற வளையத்தில் கச்சிதமாக உட்காரும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது.

புகை வால்வின் பாடுதான் பெரும்பாடு. காற்றை உள்ளே விடும் வால்வைப் புதுக் காற்றாவது குளிர்விக்கிறது. புகை வால்வுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 700 டிகிரியைத் தாண்டிய சூட்டில் கிடக்கும் அது, சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் தன் சூட்டைப் பெரும்பாலும் ஹெட்டுக்கு இறக்கிவிடுகிறது. விளிம்பில் ஓரிடத்தில் கரி ஒட்டி உட்கார முடியாமல் போனால், அந்த இடத்தின் சூடு இறங்காது. எரியும் வாயுவும் அந்தச் சந்து வழியாகவே சீறும். கன்னடியன் கால்வாய்ப் பக்கம் மடை திறந்து அடைத்தவர்களுக்கு இது புரியும். பலகை அடியில் விரலிடை சந்து விட்டால், அந்தக் கசிவே மண்ணை அரித்துச் சந்தைப் பெரிதாக்கும். வால்வும் அப்படித்தான், ஒரு முறை கசியத் தொடங்கினால் கருகிக்கொண்டே போகும்.

இன்னொரு காரணமும் உண்டு. சீட் தேயத் தேய வால்வு மேலேறி, வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் டேப்பட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறைந்துகொண்டே வரும். கடைசியில் வால்வு முழுசாக மூடாது. அதனால்தான் டேப்பட் இடைவெளியைக் கையால் சரிசெய்கிற பழைய எஞ்சின்களில், லேசாகத் தட்டுகிற டேப்பட்டை விட அறவே சத்தம் அடங்கிப்போன டேப்பட்டுக்குத்தான் நான் பயப்படுவேன்.

மேலப்பாளையத்தில் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சியிடம் வண்டியை விட்டோம். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாக அமுங்குகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜை வைத்தார். முதல் சிலிண்டர் 165 பிஎஸ்ஐ, இரண்டாவது 160, மூன்றாவது 85. மூன்றாவதில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி சுற்றினார். பிஸ்டனைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்து முள் நன்றாக மேலேறியிருக்கும். 90-லேயே நின்றது. அடுத்து, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை நிறுத்தி, பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்தினார்.

“தம்பி, சைலன்சர்ட்ட குனிஞ்சு கேளுங்க.”

புஸ்ஸென்று காற்று வந்துகொண்டிருந்தது. ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டிருந்தால் உள்வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டிருந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்திருந்தால் ஹெட் கேஸ்கட். இங்கே கோளாறு புகை வால்வில் மட்டும்தான். முழு எஞ்சினையும் இறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஹெட்டைக் கழற்றினால் போதும். லேத் கூலி, கேஸ்கட், ஆயில் சீல், டைமிங் பெல்ட் எல்லாம் சேர்த்து 14,000 சொன்னார்.

செலவு செய்யச் சொன்னேன். மற்ற இரண்டு சிலிண்டரும் திடமாக இருக்கின்றன, அடித்தளத்தில் துரு இல்லை, 15 வருஷத்தில் புதுப்பித்த ஆர்.சி. இன்னும் 3 வருஷம் ஓடும். ஆயில் விட்டதும் முள் 130-க்கு ஏறியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். ரிங் தேய்ந்த எஞ்சினில் வால்வை மட்டும் சரிசெய்து பயனில்லை, புகையும் ஆயில் குடிப்பதும் நிற்காது. தேய்ந்த சிலிண்டரைக் கடைகிற போர் வேலையும் சேர்ந்துவிட்டால் அந்த வண்டிக்குக் கட்டுப்படியாகாது.

ஹெட் இறங்கிய அன்று அத்தானோடு போய்ப் பார்த்தேன். பழைய வால்வின் விளிம்பில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பள்ளம், எலி கொறித்த தேங்காய் மாதிரி. புது வால்வில் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, ரப்பர் கிண்ணம் வைத்த குச்சியை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து மோர் கடைவதுபோல் உருட்டினார் அண்ணாச்சி. துடைத்தபோது விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் அறுபடாத ஒரே கோடு. ஸ்பிரிங் மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து, குழிவில் மண்ணெண்ணெய் விட்டார். கால் மணி நேரம் மூவரும் புகைப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சொட்டு இறங்கவில்லை.