பின்னால் மங்கினால் மட்டும் போர்ட்ரெயிட் ஆகிவிடாது, தம்பி

போன வாரம் கடைக்கு ஒரு குடும்பம் வந்தது. அப்பத்தா இறந்து ஐந்தாம் நாள். காரியத்துக்கு முன்னால் ஒரு படத்தைப் பெரிதாக்கி, ஃபிரேம் போட்டு, மாலை போடத் தோதாகக் கொடுக்க வேண்டும். பேரன் பென்டிரைவை நீட்டினான். தவணையில் வாங்கிய கேமரா, 85 எம்எம் எஃப் 1.4 லென்ஸ், எல்லாம் அவனே ஆசையாக எடுத்த படங்கள். நாற்பதுக்கு மேல் இருக்கும். (எஃப் எண் என்பது லென்ஸின் துவாரத்தின், அதாவது அப்பர்ச்சரின் அளவு. எண் சிறிதானால் துவாரம் பெரிது, கூர்மையாக விழும் ஆழம் குறைவு. அந்த லென்ஸ் இருபது வருடமாகத் தொழில் செய்கிற என்னிடமே கிடையாது. அது வேறு கதை.)

கேமராவின் சின்னத் திரையில் அந்தப் படங்கள் அருமையாகத்தான் தெரிந்திருக்கும். என் மானிட்டரில் முழு அளவில் திறந்தேன். முதல் படத்தில் மூக்குத்தியின் கல் பளிச்சென்று இருக்கிறது, கண் இரண்டும் தண்ணீருக்குள் கிடப்பது போல இருக்கின்றன. அடுத்ததில் காதில் தொங்கும் தண்டட்டியின் வேலைப்பாடு எண்ணிப் பார்க்கும்படி தெரிகிறது, முகம் கலங்கல். அதற்கடுத்ததில் சேலைத் தலைப்பின் ஜரிகை. நாற்பதிலும் கண்ணில் ஃபோகஸ் விழுந்தது ஒன்றுகூட இல்லை.

"கொஞ்சம் ஷார்ப் பண்ணிக் குடுங்கண்ணே" என்றான். இப்போதைய மென்பொருள் எதையும் ஷார்ப் ஆக்கும், அதாவது இல்லாத கண்ணைத் தானாக வரைந்து வைக்கும். போட்டுக் காட்டினேன். அந்த அம்மாவின் மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது எங்க ஆத்தா கண்ணு இல்ல" என்றார். அவ்வளவுதான், மூடிவிட்டேன்.

கடைசியில் ஏதோ ஒரு காதுகுத்தில் எடுத்த குரூப் போட்டோ கிடைத்தது. வரிசையாக நிற்க வைத்து, ஃபிளாஷ் போட்டு, எஃப் 8இல் அடித்த படம். கலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதில் அப்பத்தா முகம் ஒரு ரூபாய் நாணயம் அளவுதான், ஆனால் கண் கண்ணாக இருந்தது. அதைத்தான் வெட்டி எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தேன்.

இந்த வருடத்தில் இப்படி வந்தது இது நான்காவது. சொல்லாமல் விட்டால் ஐந்தாவதும் வரும், அதனால்தான் எழுதுகிறேன்.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது: பின்னால் மங்கலாக இருந்தால் அது போர்ட்ரெயிட் (முகப் படம்), எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு பெரிய ஆள். லென்ஸ் வாங்கியவன் எஃப் 1.4ஐ விட்டு நகரமாட்டான், நகர்ந்தால் கொடுத்த காசு வீணாம். ஒரு கணக்குச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஃபுல் ஃபிரேம் (பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 85 எம்எம் லென்ஸ், எஃப் 1.4, ஆள் ஒன்றரை மீட்டர் தூரத்தில். கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 2.5 சென்டிமீட்டர். முன்னால் பாதி, பின்னால் பாதி. மூக்கு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் கண் போச்சு. சரியாகக் கண்ணில் விழுந்தாலும், முகத்தைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் அடுத்த கண் போச்சு. அதே இடத்தில் எஃப் 4 வைத்தால் சுமார் ஏழு சென்டிமீட்டர் கிடைக்கும், எஃப் 5.6இல் பத்து. முகம் முழுக்க உள்ளே வந்துவிடும்.

இதில் நடு புள்ளியில் ஃபோகஸ் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்பி ஃபிரேம் வைக்கிற பழக்கம் வேறு. எஃப் 8இல் அது செல்லும். எஃப் 1.4இல் திருப்புகிற அந்த ஒரு அசைவிலேயே ஃபோகஸ் கண்ணை விட்டு விலகிவிடும். உங்கள் கேமராவில் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். அப்புறம், வயதானவர்களை நிற்க வைத்து எடுக்காதீர்கள். நிற்கும்போது அவர்கள் உடம்பு முன்னும் பின்னும் லேசாக ஆடும், நம் கண்ணுக்குத் தெரியாது, லென்ஸுக்குத் தெரியும். நாற்காலி போடுங்கள், கைப்பிடி வைத்த நாற்காலி.

"அப்போ பேக்ரவுண்ட் தெரியுமேண்ணே?" தெரியாது. பின்புலம் மங்குவதற்கு அப்பர்ச்சர் ஒன்றுதான் வழி என்று யார் சொன்னது? ஆளைச் சுவரோடு சுவராக ஒட்டவைத்துவிட்டு எஃப் 1.4 வைத்தாலும் சுவரின் சுண்ணாம்பு தெரியத்தான் செய்யும். அதே ஆளைச் சுவரிலிருந்து நான்கு மீட்டர் முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்து, நீங்களும் கொஞ்சம் கிட்டே போனால் எஃப் 4இலேயே அழகாக மங்கும். இடத்தை மாற்ற ஒரு பைசா செலவில்லை. கேமராவோடு வருகிற 18-55 எம்எம் ஜூம் லென்ஸை 55இல் வைத்துப் பழகினாலே போதும், முதல் ஆறு மாதத்துக்கு வேறெதுவும் வாங்காதீர்கள். போன் கேமராவின் போர்ட்ரெயிட் மோடைப் பற்றி ஒரே வார்த்தை: அது மல்லிகைச் சரத்தில் பாதியையும் ஜிமிக்கியின் தொங்கலையும் பல நேரம் பின்புலம் என்று நினைத்து மங்கவைத்துவிடும், பெரிதாக்கிப் பாருங்கள்.

ஒரு பையன் என்னிடமே வாதம் செய்தான், பழைய மேதைகள் எல்லாம் மங்கலாகத்தானே எடுத்தார்கள் என்று. அவன் சொன்னது ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அந்தக் காலத்து ஆங்கிலேயப் புகைப்படக்காரரை. கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர், 1879இல் இலங்கையில் இறந்தவர். கடைசிக் காலத்தில் அங்கே தோட்டத்து ஆட்களையும் படமெடுத்திருக்கிறார். அவர் கையில் கேமரா வந்ததே 48 வயதில், மகளும் மருமகனும் வாங்கிக் கொடுத்தது. அந்த வகையில் எல்லாக் கத்துக்குட்டிகளுக்கும் அவர் நல்ல துணைதான். ஆனால் அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக் கோழிக்கொட்டகையைக் கண்ணாடி வீடாக மாற்றி, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து முகத்தில் விழ வேண்டும் என்று அவரே தீர்மானித்தார். ஃபோகஸை எங்கே நிறுத்துவது என்பதையும் பார்த்து நிறுத்தினார். தெரிந்து மங்கவைப்பது வேறு, தெரியாமல் மங்கிப்போவது வேறு.

வெளிச்சத்துக்கு வருவோம், நான் சொல்லவந்ததே அதுதான். கற்றுக்கொள்கிறவர்கள் பார்க்கிற வீடியோக்கள் பாதி மேகமூட்டமான ஊர்களில் எடுத்தவை. அங்கே வானமே ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸ், வெளிச்சத்தை மென்மையாக்கும் ஸ்டுடியோ துணிப்பெட்டி மாதிரி. நம் ஊர் அப்படியா? மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த நேரத்தில் வெளியில் நிறுத்தினால் கண்குழி இரண்டும் கறுப்பாகிவிடும், மூக்கின் நிழல் உதட்டில் விழும், இருபது வயதுப் பெண்ணுக்குக்கூடக் கண்ணுக்குக் கீழே பை தெரியும். அந்த வீடியோக்களில் பொன்மாலை வெளிச்சம் என்று மணிக்கணக்காக எடுப்பார்கள். இங்கே சூரியன் சாய்வாக இறங்காமல் செங்குத்தாக விழுகிறது, முக்கால் மணி நேரம் கிடைத்தால் அதிகம். ஐந்தரைக்கு ஷூட் என்று சொல்லிவிட்டு ஆறேகாலுக்கு மேக்கப் முடித்து வந்தால் அன்றைக்கு ஊர் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஆனால் நம் வீடுகளிலேயே நல்ல ஸ்டுடியோ இருக்கிறது. ஓட்டுச் சாய்ப்பு இறங்கிய திண்ணை. மேலிருந்து விழும் வெயிலை ஓடு தடுத்துவிடும், தெருவிலிருந்து வரும் வெளிச்சம் முகத்துக்கு நேராக வரும். திண்ணை இல்லையா, வெயில் நேரடியாக விழாத வாசல் போதும். நிலைப்படிக்கு உள்ளே ஓரடி தள்ளி ஒருவரை உட்காரவைத்து, முகத்தை வாசல் பக்கம் பார்த்து வைத்து, பிறகு மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். கேமராவைத் தொடாதீர்கள், சும்மா பாருங்கள். மூக்கின் நிழல் எப்படி நகர்கிறது, கண்ணுக்குள் வாசலின் வெள்ளைக் கட்டம் எப்போது வருகிறது, எப்போது போகிறது. அந்தக் கட்டம் போய்விட்டால் கண் செத்துப்போகும், நாங்கள் அதைக் கேட்ச் லைட் என்போம். நிழல் பக்கம் ரொம்ப இருட்டாக இருந்தால் ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடியுங்கள். சினிமாவிலேயே அதைத்தான் பிடிக்கிறார்கள், வெட்கப்படாதீர்கள்.

சுவர் நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளிப்பச்சைச் சுவர் பக்கத்தில் உட்காரவைத்து எடுத்துவிட்டு, முகம் ஏன் நோயாளி மாதிரி இருக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கும்போது டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டும் இரண்டு நிறம்.

கண்ணாடி போடுகிறவரைக் கழற்றச் சொல்லக் கூடாது. முப்பது வருடமாகக் கண்ணாடியோடு பார்த்த முகத்தைக் கண்ணாடி இல்லாமல் பார்த்தால் வீட்டில் உள்ளவர்களுக்கே அடையாளம் தட்டாது. காதுக்கு மேலே இருக்கும் தண்டை லேசாகத் தூக்கிவிட்டால் பிரதிபலிப்பு கீழே போய்விடும், அவ்வளவுதான்.

போனைக் கையெட்டும் தூரத்தில் வைத்து எடுத்துவிட்டு "மூக்கு பெருசா தெரியுது" என்று வருத்தப்படுகிறவர்களுக்கு: மூக்கில் தப்பில்லை. 40 சென்டிமீட்டரில் காதைவிட மூக்கு அவ்வளவு கிட்டே இருக்கிறது. இரண்டு மீட்டர் தள்ளிப்போய் ஜூம் செய்து எடுங்கள், சரியாகிவிடும்.

அப்புறம் இந்த வெள்ளையாக்கும் வேலை. இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். கறுப்பான பெண்ணை உட்காரவைத்து, எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, ஏற்றி ஏற்றி, மிச்சத்துக்குப் பிரீசெட் என்கிற ரெடிமேட் நிறமாற்றம் போட்டு மாவு பூசியது போல ஆக்கித் தருகிறார்கள். ஒருகாலத்தில் ஃபிலிம் நிறுவனங்களே அந்தப் பழக்கத்துக்குக் காரணமாக இருந்தன. நிறம் சரிபார்க்க கோடக் அனுப்பிய ஷெர்லி கார்டில் வெகுகாலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான், லேபில் அந்த நிறத்தை வைத்துத்தான் பிரிண்ட் போடுவார்கள். இப்போது கையில் இருக்கும் சென்சாருக்கு அந்தக் குறை இல்லை, குறை நம் கண்ணில்தான். கறுப்புத் தோலில் பக்கவாட்டு வெளிச்சம் விழுந்தால் கன்ன எலும்பிலும் நெற்றியிலும் ஒரு மினுக்கம் வரும் பாருங்கள், சிவந்த தோலில் அது அவ்வளவு எடுப்பாகத் தெரியாது. அதை எண்ணெய் வழிகிறது என்று துடைத்து எடுக்கிறவனுக்கு என்ன சொல்வது.

இன்னொன்று, கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் சுருக்கத்தை டெலி லென்ஸ் போட்டுத் தூரத்திலிருந்து திருடிக்கொண்டு வந்து, கறுப்பு வெள்ளையாக்கி, "வாழ்க்கை" என்று தலைப்புப் போடாதீர்கள். கிட்டே போய்க் கேளுங்கள். வேண்டாம் என்றால் வந்துவிடுங்கள். சரி என்றால் உட்கார்ந்து பேசுங்கள், எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். உங்கள் வீட்டிலேயே தாத்தா பாட்டி இருக்கும்போது சுருக்கத்துக்காகக் கோயில் வாசலுக்கு ஏன் போகிறீர்கள் என்பதும் எனக்குப் புரியவில்லை.

எடுத்ததும் திரையில் முழுப் படத்தைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். கண் வரைக்கும் பெரிதாக்கிப் பாருங்கள், அங்கேயே, அவர் நாற்காலியிலிருந்து எழுவதற்குள். மாதத்துக்கு ஒன்றாவது 12க்கு 18 அங்குலப் பிரிண்ட் போடுங்கள். போனில் மறைகிற தப்பெல்லாம் தாளில் பல்லிளிக்கும்.

அந்தப் பேரன் நேற்று மறுபடி வந்தான். ஃபிரேமுக்குப் பாக்கி கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "அண்ணே, தாத்தாவ எடுக்கணும்" என்றான். எஃப் 5.6, வாசல், நாற்காலி என்று மூன்றே வார்த்தை சொல்லி அனுப்பினேன். கடையிலிருந்த தெர்மாகோலையும் கொடுத்துவிட்டிருக்கிறேன். உங்களுக்கும் வேண்டுமென்றால் ஞாயிறு மதியம் வரை கடை உண்டு, வாங்கிப் போகலாம். ஆனால் திருப்பிக் கொண்டுவந்து கொடுங்கப்பா, போன மாதம் இரண்டு போனது, இன்னும் வரவில்லை.