வைட்-பாடி: அகலுடல் விமானம்

பயணிகள் அறையில் நீளவாக்கில் இரண்டு நடைவழிகள் இருந்தால் அது வைட்-பாடி. ஒன்றே இருந்தால் நேரோ-பாடி. பெயரில் அகலம் இருந்தாலும், பிரிப்பது நடைவழியின் எண்ணிக்கைதான். போயிங் 767இன் உடல் 5.03 மீட்டர் அகலம், ஒரு வரிசையில் 2-3-2 என ஏழு இருக்கைகள். போயிங் 777இன் உடல் 6.20 மீட்டர், வரிசைக்கு ஒன்பது அல்லது பத்து. இரண்டும் வைட்-பாடிதான். ஆனால் 54.4 மீட்டர் நீளமுள்ள போயிங் 757-300க்கு ஒற்றை நடைவழி. அதைவிடக் குட்டையான ஏர்பஸ் ஏ310க்கு இரண்டு. ஆகவே 'பெரிய விமானம்' என்று மொழிபெயர்ப்பது பிழை.

போயிங் 707, டிசி-8 காலத்தில் எல்லா ஜெட் பயணிகள் விமானங்களும் ஒற்றை நடைவழிதான், தனிப்பெயர் தேவைப்படவில்லை. 1970 ஜனவரியில் போயிங் 747 சேவைக்கு வந்ததை ஒட்டி இச்சொல் பரவியது. இதில் 'பாடி' என்பது ஃபியூஸ்லாஜ், அதாவது விமானத்தின் நடு உடல். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு வேர், நூல் நூற்கும் கதிர்.

தமிழில் 'அகன்ற உடல் விமானம்' என்று எழுதலாம், பொருள் சரி. 'அகலுடல் விமானம்' அதைவிட நன்று: அகல் + உடல், வினைத்தொகை. ரயில்வேயின் 'அகலப் பாதை' ஏற்கெனவே பழகிவிட்டதால் யாருக்கும் புரியும். அகலுடல் சரக்கு விமானம், இரட்டை எஞ்சின் அகலுடல் விமானம் என்று முன்னும் பின்னும் சொல் சேர்த்தாலும் இடறாது. 'பரந்த உடல்' வேண்டாம். பரத்தல் தட்டையாக விரிவதைச் சொல்லும், இந்த உடலோ வட்டக் குழாய். உள்ளழுத்தத்தை வட்டமே சீராகத் தாங்கும்.

ஒரே விமானத்தின் மாறுபட்ட வடிவமான 'வேரியண்ட்' என்பதற்குச் சிலர் 'திரிபு' என்கிறார்கள். திரிதல் கெடுதலையும் குறிக்கும், 'உள்வகை' பொருந்தும். உள்வகை என்பது உடலை வெட்டி ஒட்டும் வேலை மட்டும் அல்ல. ஏ330-300 (63.7 மீட்டர்) குறுகி ஏ330-200 (58.8 மீட்டர்) ஆனபோது, வால் நடுப்பகுதிக்கு நெருங்கியதால் சுக்கானின் நெம்பு வலு குறைந்தது, அதை ஈடுகட்டச் செங்குத்து வால் உயர்த்தப்பட்டது. நீட்டினால் வேறு சிக்கல்: 73.9 மீட்டர் நீளமுள்ள 777-300 மூக்கைத் தூக்கும்போது வால் ஓடுதளத்தில் உரசக்கூடும் என்பதால் அடியில் காப்புச் சறுக்கி பொருத்தினார்கள்.

இச்சொற்கள் மாற்று வரலாற்றுப் புனைவிலும், அதாவது வரலாறு வேறுவிதமாகப் போயிருந்தால் என்று கற்பனை செய்யும் கதைகளிலும், தேவைப்படும். அங்கே இரட்டை எஞ்சின் அகலுடல் விமானத்தை வடிவமைப்பவர்கள் நாடக்கூடியது, மூன்று எஞ்சின் அகலுடல் விமானமான டிசி-10இன் இரட்டை எஞ்சின் உள்வகை. இது வெறுங்கற்பனை அல்ல. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1966இல் கேட்டதே இரண்டு எஞ்சின்தான். மற்ற நிறுவனங்களின் வழித்தடத் தேவையால் மூன்றானது. பிறகு முன்வைக்கப்பட்ட இரட்டை எஞ்சின் டிசி-10 கட்டப்படவில்லை.

ஆனால் வால் எஞ்சினைக் கழற்றிவிட்டு மற்றதை அப்படியே விடுவது பெரும்பிழை. பின்பாரம் போனதும் எடைமையம் முன்னே நகரும். இறக்கையையும் முன்னே நகர்த்த வேண்டும். அதைவிட முக்கியம் உந்துவிசை. டிசி-10-10இன் எஞ்சின் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40,000 பவுண்டு. ஒன்று நின்றால் மூன்று எஞ்சினில் 80,000 மிஞ்சும், இரண்டில் 40,000தான். ஒற்றை எஞ்சினில் 80,000 பவுண்டை ஒட்டிய விசை 1990களின் நடுவில், 777 வந்தபோதுதான் பயணிகள் சேவைக்குக் கிடைத்தது. 1974இல் சேவைக்கு வந்த முதல் இரட்டை எஞ்சின் அகலுடல் விமானமான ஏர்பஸ் ஏ300 சுமார் 51,000 பவுண்டு எஞ்சின்களோடு, உடலை 5.64 மீட்டராக அடக்கி, குறுந்தொலைவுக்கே திட்டமிடப்பட்டது. அந்த அகலத்திலும் அடித்தளத்தில் எல்டி-3 எனும் நிலையான அளவுச் சரக்குப் பெட்டிகள் இரண்டு பக்கம் பக்கமாக நின்றன. பின்னால் வந்த 767இல் அது முடியவில்லை.

ஆண்டையும் கவனிக்க வேண்டும். ஒரு எஞ்சின் நின்ற நிலையில் பறந்து 60 நிமிடத்துக்குள் அடையக்கூடிய விமான நிலையம் வழியெங்கும் இருக்க வேண்டும் என்ற 1953ஆம் ஆண்டின் அமெரிக்க விதி, 1964இல் மூன்று எஞ்சின் விமானங்களுக்குத் தளர்த்தப்பட்டது. இரட்டை எஞ்சினுக்கு 120 நிமிடம் 1985இல்தான் கிடைத்தது. 1975இல் அமெரிக்க நிறுவனமொன்றின் இரட்டை எஞ்சின் டிசி-10 பசிபிக்கைக் கடப்பதாக எழுதுபவர், முதலில் அந்த விதியை மாற்றி எழுத வேண்டும்.