தூங்கத்தானே ரூம் என்று சொல்லாதீர்கள்

போன வெள்ளிக்கிழமை இரவு 8 மணி தாண்டி, பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் டிராவல் ஏஜென்சி ஆபீஸின் ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சுங்கைப் பட்டாணியில் இருந்து பிள்ளைகளைச் சன்வே லகூன் தீம் பார்க்குக்கு அழைத்து வந்திருந்த ஒரு தம்பி. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், 71 வயது அம்மா, மொத்தம் ஆறு பேர். “அக்கா, காண்டோ வாசலில் நிற்கிறோம், கார்ட் உள்ளே விட மாட்டேன் என்கிறார், ஹோம்ஸ்டே ஆள் போனை எடுக்கவே இல்லை” என்றார். பின்னால் மழைச் சத்தம், சின்னவன் அழுகிற சத்தம்.

நான் போய்ச் சேர்ந்தபோது பாட்டி காவல் கூண்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் நாலு வயதுப் பையன், உடம்பில் இன்னும் ஈர நீச்சலுடை, மேலே ஒரு துண்டு. கார்ட் ஒரு நேப்பாளி, பாவம், தன்னுடைய பிளாஸ்க் வெந்நீரை மூடியில் ஊற்றிப் பாட்டியின் கையில் கொடுத்திருந்தார். பைகளெல்லாம் ஓரமாக மழையில் நனைந்துகொண்டிருந்தன. அவர்மேல் கோபப்பட்டு என்ன செய்ய? “குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடக்கூடாது” என்று காண்டோ மேலாண்மை ஒட்டிய அறிவிப்பு அவர் தலைக்கு மேலேயே இருக்கிறது. அவர் வேலையை அவர் செய்கிறார்.

மூன்று வாரத்துக்கு முன் இதே தம்பி என்னிடம் விலை கேட்டவர்தான். பூங்காவுக்கு நடந்தே போகிற தூரத்தில் இரண்டு அறை பார்த்துச் சொன்னேன். “ராத்திரி தூங்கத்தானே அக்கா ரூம், அதுக்கு எதுக்கு இவ்வளவு?” என்றார். அப்புறம் ஒரு முகநூல் பக்கத்தில் பார்த்த காண்டோவுக்கு இரண்டு இரவு வாடகையும் டெபாசிட்டும் சேர்த்து 640 வெள்ளி அனுப்பிவிட்டார்.

இந்த ஒரு பேச்சை 14 வருடமாகக் கேட்கிறேன். இந்த விடுமுறையில் மட்டும் இது நான்காவது குடும்பம். அதனால்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். நான் ஏஜென்ட், அறை போட்டுக் கொடுத்தால் எனக்குக் கமிஷன் உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்களே நேரடியாகப் போட்டுக்கொண்டாலும் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் யோசித்துப் போடுங்கள்.

தூங்கத்தான் ரூம் என்பது இளவட்டங்கள் நாலு பேர் ஊர் சுற்றப் போனால் சரி. சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் இருக்கிற குடும்பத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. தீம் பார்க் நாளில் அறையின் வேலை மத்தியானமே ஆரம்பித்துவிடுகிறது. ஒன்றரை மணிக்கு நாலு வயதுப் பிள்ளைக்குத் தூக்கம் வரும். ஒருவன் வாந்தி எடுப்பான். ஒருத்திக்கு மாற்றுத் துணி பத்தாது. பாட்டிக்கு முட்டி வலி, மாத்திரை பையில் இருக்கும், பை எங்கேயோ இருக்கும். அறை பக்கத்தில் இருந்தால் பெரியவர் ஒருவர் சின்னதைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைப்பார், மற்றவர்கள் விளையாடுவார்கள். அறை 15 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஒரு பிள்ளைக்கு முடியாமல் போனதும் ஆறு பேரும் கிளம்ப வேண்டியதுதான்.

இதைக் காசுக் கணக்காகவும் பார்க்கலாம், ஏனென்றால் காசுக்காகத்தான் தள்ளிப் போய்த் தங்குகிறீர்கள். சன்வே லகூன் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும் பூங்கா. எட்டு மணி நேரம். ஆறு பேருக்கும் டிக்கெட் வாங்கிவிட்டு, தூரத்தில் தங்கியதால் பதினொன்றே முக்காலுக்கு உள்ளே நுழைந்து, ஜாமுக்குப் பயந்து மூன்றரைக்கு வெளியே வந்தால் நீங்கள் அனுபவித்தது நாலு மணி நேரம்கூட இல்லை. பாதி டிக்கெட் காசு ரோட்டில் போய்விட்டது. இந்தப் பயணத்தில் பெரிய செலவு டிக்கெட்தான். அந்த டிக்கெட்டில் எத்தனை மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும் என்பதை அறைதான் தீர்மானிக்கிறது. அறையில் 150 வெள்ளி மிச்சம் பிடித்துவிட்டு டிக்கெட்டில் அதைவிட அதிகமாக விடுகிறவர்களைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது.

மழையையும் கணக்கில் சேருங்கள். நம் ஊரில் மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அதுவும் ஏப்ரலிலும் அக்டோபர் நவம்பரிலும். மின்னல் என்றால் திறந்தவெளிச் சவாரிகளையும் குளங்களையும் நிறுத்திவிடுவார்கள். பக்கத்தில் தங்கியிருப்பவர்கள் அறைக்குப் போய்ப் பிள்ளைக்குத் துணி மாற்றி ஒரு மைலோ கொடுத்துவிட்டு வருவார்கள். மற்றவர்கள் கூரைக்கு அடியில் நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். பூங்காவில் இருந்து வெளியே போனால் அதே டிக்கெட்டில் திரும்ப விடுவார்களா என்று வாசலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது “பத்தே நிமிடம்”. விளம்பரத்தில் போட்டிருக்கும் அந்தப் பத்து நிமிடம் அதிகாலையில் காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்த பத்து நிமிடம். மாலை 6 மணிக்கு எல்.டி.பி. நெடுஞ்சாலையிலும் கூட்டரசு நெடுஞ்சாலையிலும் மழையோடு நின்று பாருங்கள். போனில் வரைபடத்தைத் திறந்து, புறப்படும் நேரத்தை வெள்ளிக்கிழமை மாலை 6 என்று மாற்றி வைத்து, அது காட்டும் நேரத்தைப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. அப்புறம் ஆறு பேர் சாதாரண கிரேப் காரில் ஏற முடியாது. இரண்டு கார் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ஆறு பேர் உட்காரும் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும், மழை நேரத்தில் விலை எங்கேயோ போகும். அந்தத் தம்பிக்கு அன்று வண்டி கிடைக்கவே 40 நிமிடம் ஆனது.

கார் இல்லாமல் வருகிறவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு, பலருக்குத் தெரியவில்லை. கே.எல். சென்ட்ரல் பக்கம் தங்கினால் கிள்ளான் துறைமுகத் தடத்தில் கே.டி.எம். ரயில் ஏறி செத்தியா ஜெயாவில் இறங்குங்கள், அங்கிருந்து பி.ஆர்.டி. பேருந்தில் சன்வே லகூன் நிலையம். அந்தப் பேருந்துக்குத் தனிப் பாதை, 2015ல் இருந்து ஓடுகிறது, ஜாம் கிடையாது. பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்திருந்தால் இதைத் தாராளமாக நம்பலாம். கைக்குழந்தையோடும் முட்டி வலியோடும் வருகிறவர்கள் பூங்காவை ஒட்டித் தங்குங்கள்.

காண்டோ ஹோம்ஸ்டே எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. சொந்தக் கார், மூன்று நாலு இரவு, குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும், பாட்டிக்கு வெள்ளிக்கிழமை சைவம் சமைக்க வேண்டும் என்றால் அடுப்பும் துணி துவைக்கும் மெஷினும் இருக்கிற வீடு பெரிய உதவி. நானே போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் 2020ல் மோன்ட் கியாராவில் உள்ள ஒரு காண்டோ வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: குறுகிய கால வாடகையைத் தடை செய்து விதி போட மேலாண்மைக் கழகத்துக்கு அதிகாரம் உண்டு. வீட்டுக்காரர் சரி என்றாலும் மேலாண்மை வேண்டாம் என்றால் கதவு திறக்காது. “கார்ட் கேட்டால் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தோம் என்று சொல்லுங்கள்” என்று வீட்டுக்காரர் வாட்ஸ்அப் அனுப்பினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகள் முன்னால் பொய் சொல்லி நுழைகிற இடத்தில் எதற்குத் தங்க வேண்டும்?

பைகளைப் பற்றி யாருமே யோசிப்பதில்லை. வடக்கில் இருந்து வருகிறவர்கள் இரவுப் பேருந்தில் வந்து கே.எல். டி.பி.எஸ். பேருந்து நிலையத்தில் விடியற்காலை 5 மணிக்கு இறங்குகிறீர்கள், அறை மத்தியானம் 3 மணிக்குத்தான். ஹோட்டல் என்றால் அறை கிடைப்பதற்கு முன்பே பைகளை வாங்கி வைப்பார்கள், காலி செய்த பிறகும் மாலை வரை வைத்திருப்பார்கள். காண்டோவில் வாங்கி வைக்க ஆள் கிடையாது. கடைசி நாள் 11 மணிக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு ஆறு பையோடு மால் மாலாக அலைகிற குடும்பங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மற்ற ஊர்களிலும் இதே கதைதான். கெந்திங் என்று பெயர் போட்டிருப்பதை நம்பிக் கோத்தோங் ஜெயாவில் அறை எடுத்துவிட்டு, மலை உச்சிக்கு நடந்து போகலாம் என்று நினைத்து வருகிறார்கள். பூங்கா உச்சியில், நீங்கள் பாதி மலையில். அங்கிருந்து காரில் ஏற வேண்டும், இல்லையென்றால் அவானா நிலையத்துக்குப் போய்க் கேபிள் கார் ஏற வேண்டும், இடி மின்னல் என்றால் அதுவும் நிற்கும். உச்சியில் உள்ள ஸ்கைவேர்ல்ட்ஸ் 2022ல் திறக்கப்பட்ட திறந்தவெளிப் பூங்கா, மூடுபனியும் மழையும் வந்து வந்து போகும், மேலேயே தங்கினால்தான் வெயில் எட்டிப் பார்க்கிற நேரத்துக்கு ஓடிப் போக முடியும். உச்சியில் உள்ள ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டலில் 7,000க்கும் மேல் அறைகள், உலக சாதனை, அதனால் விடுமுறையில் சாவி வாங்குகிற வரிசையும் அதற்குத் தகுந்த நீளம். பிள்ளைகளை நிற்க வைக்காமல் ஒருவர் மட்டும் முன்கூட்டியே போங்கள். ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

லெகோலேண்டுக்கு ஜோகூர் பாரு என்று தேடினால் வருகிற ஹோட்டல்களில் பாதி, சிங்கப்பூருக்குப் போகும் பாலத்துக்குப் பக்கத்தில் நகரின் நடுவில் இருக்கும். பூங்கா இஸ்கண்டார் புத்ரியில், அங்கிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை எப்போது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், ஜூனிலும் நவம்பர் கடைசியில் இருந்து டிசம்பர் வரையிலும் அவர்கள்தான் அறைகளை நிரப்புகிறார்கள். ஜோகூரில் மலிவாகத் தங்கிக்கொண்டு தினமும் பாலம் தாண்டிச் செந்தோசாவில் உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்று திட்டம் போடுகிறவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள். பாலம் ஒரு கிலோமீட்டர்தான், சனிக்கிழமை காலை அதைத் தாண்ட இரண்டு மூன்று மணி நேரம் ஆனவர்கள் என்னிடமே இருக்கிறார்கள், திரும்பும்போதும் அதே பாடு, நடுவில் கழிப்பறைக்குக்கூட இறங்க முடியாது.

பினாங்கில் எஸ்கேப் பூங்கா தெலுக் பகாங்கில். ஜார்ஜ் டவுனில் தங்கினால் சாப்பாடு சுகம், ஆனால் பத்து பெரிங்கி வழியாக அந்த வளைந்த ஒற்றைக் கடற்கரை ரோடு, வார இறுதியில் ஊர்ந்துதான் போகும். பூங்காவுக்கென்றே போனால் பத்து பெரிங்கியில் தங்குங்கள்.

சரி, அறை போடும்போது. “ஆறு பேர் தங்கலாம்” என்றால் அதில் இரண்டு பேர் சோபாவில் என்று அர்த்தமாக இருக்கலாம், கட்டில் எத்தனை என்று கேளுங்கள். நாலு பேர் என்று சொல்லிவிட்டு ஆறு பேர் நுழையாதீர்கள், தீ விபத்து என்றால் அவர்கள் கணக்கில் இல்லாத பிள்ளையை யார் தேடுவார்கள்? கனெக்டிங் ரூம் என்றால் இரண்டு அறைக்கும் நடுவில் கதவு உண்டு, அட்ஜாய்னிங் என்றால் பக்கத்து அறை, அவ்வளவுதான், நடுவில் சுவர். பிள்ளைகள் ஒரு அறையில் பெரியவர்கள் ஒரு அறையில் என்றால் முதலில் சொன்னதைக் கேட்டு, எழுத்தில் உறுதி வாங்குங்கள். தமிழ்நாட்டில் இருந்து உறவினர் வந்தால் வெளிநாட்டவருக்கு ஒரு அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி உண்டு, கவுண்டரில் சண்டை போடாதீர்கள்.

உயரமான காண்டோவில் நுழைந்ததும் முதல் வேலை, பைகளை வைக்கும் முன்பே, பால்கனியில் கிடக்கும் நாற்காலி மேசையை உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைப் பூட்டுவது. பிள்ளை ஏற ஒரு நாற்காலி போதும். ஜன்னல் ஓரத்தில் கட்டில் இருந்தால் தள்ளிப் போடுங்கள். காண்டோ நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர் இருப்பார் என்று எண்ணாதீர்கள். பகல் முழுக்கத் தண்ணீரில் விளையாடிக் களைத்த பிள்ளையை இரவு மறுபடியும் குளத்தில் விட்டுவிட்டு, தயவுசெய்து, போனைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

காசு அனுப்பும் முன் கட்டடத்தின் பெயரைக் கேட்டு, காவல் கூண்டுக்கோ மேலாண்மை அலுவலகத்துக்கோ நீங்களே ஒரு போன் போடுங்கள், எண்ணை வீட்டுக்காரரிடம் வாங்காமல் நீங்களே தேடி எடுங்கள். ஏஜென்ட் மூலம் போட்டால் 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி லைசென்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள், என்னிடமும் கேளுங்கள், சுவரில் மாட்டியிருக்கிறேன். மோசடி என்று தெரிந்த அந்த நிமிடமே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பணம் வேறு கணக்குக்குப் போய்விடும்.

அன்று இரவு அவர்களுக்குப் பூங்கா பக்கத்திலேயே இரண்டு அறை கிடைக்கும்போது மணி பத்தரை, கடைசி நேர விலை, நான் முன்பு சொன்னதைவிட 210 வெள்ளி அதிகம். பாட்டி லிப்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மகனைத் திட்டாதம்மா” என்றார். நான் திட்டவில்லை.

காண்டோவுக்குக் கட்டிய 640 வெள்ளி இன்னும் வரவில்லை. போலீஸ் புகார் கொடுத்தாகிவிட்டது. பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் மனுப் போட 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் வேண்டாம். ஆனால் எதிர்மனுதாரர் பெயரும் முகவரியும் வேண்டும். தம்பியிடம் இருப்பது ஒரு வங்கிக் கணக்கு எண்ணும், மூன்றாம் நாளே பெயர் மாறிப்போன ஒரு முகநூல் பக்கமும்தான்.