சீற்றை உயர்த்தினால் முழங்கால் வலி ஏன் குறைகிறது?

“மரைன் டிரைவில் சைக்கிள் ஓடினால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. சைக்கிள் ஓடினால் மூட்டுத் தேயும் என்கிறார் அம்மா, உண்மையா?” என்று வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கே சைக்கிளைப் பயிற்சியாகப் பரிந்துரைக்கிறார்கள். இந்தப் பயத்தை இனியாவது விட்டுவிட வேண்டும். நீங்கள் முதலில் சீற்றின் உயரத்தைப் பாருங்கள். 2022இல் பெற்றோல் இல்லாமல் சைக்கிளுக்கு மாறிய கொழும்புக்காரர் பலர், சிக்னலில் இரண்டு காலையும் ஊன்ற வசதியென்று சீற்றைப் பதித்தே வைத்திருக்கிறார்கள்.

தொடையின் முன்தசை முழங்காற்சில்லை மேலே இழுக்கிறது. சில்லுக்குக் கீழுள்ள நாண் அந்த இழுவையைக் கீழ்க்கால் எலும்புக்குக் கடத்துகிறது. சில்லு இங்கே ஒரு கப்பி. கால் நீண்டிருக்கும்போது இரண்டு இழுவைகளும் ஏறக்குறைய ஒரே கோட்டில் எதிரெதிரே இருப்பதால் சில்லின்மேல் பெரிய அழுத்தம் இல்லை. காலை மடித்ததும் இரண்டும் சேர்ந்து சில்லைத் தொடையெலும்போடு அழுத்தத் தொடங்குகின்றன. பள்ளியில் படித்த விசை இணைகரத்தை வரைந்து பாருங்கள். இருபக்க இழுவையும் சமம் என்று எளிமையாக வைத்துக்கொண்டால், இழுவைக்கோடு 60 பாகை மடங்கும்போது அழுத்தம் ஒரு பக்க இழுவைக்குச் சமம். 90 பாகையில் அது 1.4 மடங்கு. தசை துளியும் கூடுதலாக இழுக்கவில்லை, கோணம் மாறியது மட்டுமே! இணைகர விதியைக் கரும்பலகையில் தொடங்காமல் மாணவரின் முழங்காலில் தொடங்கினால் எத்தனை பேருக்குப் பௌதிகம் பிடித்துப்போகும்!

சீற் பதிந்திருந்தால், பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடிகிறது. அந்த மடிப்பிலிருந்துதான் ஒவ்வொரு முறையும் உழக்குகிறீர்கள்.

சரி, எவ்வளவு உயர்த்துவது? சுவரைப் பிடித்தபடி சீற்றில் அமர்ந்து, பெடலை அடிக்குக் கொண்டுவந்து, குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் உழக்கும்போது, அடிநிலையில் முழங்கால் ஏறத்தாழ 25 முதல் 35 பாகை மடிந்திருக்கும். இடுப்பு இருபக்கமும் ஆடினால் சீற் அளவுக்கு மேல் உயர்ந்துவிட்டது. முழங்காலின் பின்பக்கம் வலிக்கும். சில மில்லிமீற்றர் இறக்குங்கள். சீற் தண்டில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது, தெரிந்தால் தண்டு முறியலாம். சிக்னலில் நிற்க, சீற்றிலிருந்து முன்னே இறங்கி ஒரு காலை ஊன்றினால் போதும்.