குண்டுப் பலூன் உடைகிறது, ஒல்லிப் பலூன் துள்ளுகிறது

நாகர்கோவிலில் இருந்து ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "விடுமுறையில் நானும் அண்ணனும் மொட்டை மாடியில் தண்ணீர் பலூன் எறிந்து விளையாடுகிறோம். நான் எறியும் பலூன் அவன் முதுகில் பட்டுத் துள்ளி, தரையில் உருண்டு ஓடுகிறது. அவன் எறிந்தால் பட்டதும் உடைந்து என்னை நனைத்துவிடுகிறது. அவனுக்குப் பலம் அதிகம் என்பதாலா?"

பலம் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் என் சந்தேகம் வேறு. உன் அண்ணன் குழாயடியில் உன்னைவிட இரண்டு நொடி கூடுதலாக நிற்கிறான். அந்த இரண்டு நொடியில் பலூனுக்குள் நடப்பதைச் சொல்ல வேண்டுமானால் ரப்பரில் இருந்துதான் தொடங்க வேண்டும். எனக்கும் அதுதான் ஆசை.

உன் ஊரில் இருந்து கீரிப்பாறைப் பக்கம் போனால் ரப்பர் மரங்களைப் பார்க்கலாம். பட்டையைச் சாய்வாகக் கீறி, வடியும் பாலைக் கிண்ணத்தில் பிடிப்பார்கள். அந்தப் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ரப்பர் இருக்கும். அதில் கந்தகமும் வேறு சில பொருள்களும் கலந்து, பலூன் வடிவ அச்சை முக்கியெடுத்து, சூடேற்றி உரித்தால் பலூன். சங்கிலி போன்ற நீண்ட மூலக்கூறுகளைக் கந்தகம் ஆங்காங்கே முடிச்சுப் போட்டு இணைக்கிறது. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த வித்தை இது. இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

அந்தச் சங்கிலியை இழுத்து விட்டால் ஏன் சுருங்குகிறது? பாடப்புத்தகம் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போய்விடும்.

'அணுக்கள் விலகுகின்றன, பிறகு ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன' என்று பலரும் நினைப்பார்கள். இரும்புச் சுருளுக்கு அது பொருந்தும். ரப்பரின் கதை வேறு. உங்கள் பள்ளி மைதானத்தில் முப்பது சிறுவர்கள் கைகோத்து ஒரே வரிசையில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள். இரு முனைகளிலும் ஆளுக்கொரு ஆசிரியர் பிடித்துக்கொண்டிருக்கிறார். பையன்கள் யாரையும் இழுக்கவில்லை. ஆனால் சும்மாவும் நிற்கவில்லை. ஒருவன் நெளிகிறான், இன்னொருவன் பின்னால் திரும்பிப் பேசுகிறான், மூன்றாமவன் குனிந்து காலைச் சொறிகிறான். என்ன ஆகும்? வரிசை கோணலாகும். இரண்டு ஆசிரியர்களும் தங்களை யாரோ உள்ளே இழுப்பதுபோல் உணர்வார்கள். வரிசை நேராக நிற்க ஒரே ஒரு வழிதான் உண்டு, கோணலாக நிற்க ஆயிரம் வழி. அந்தக் கணக்குதான் இழுக்கிறது. ரப்பர் சங்கிலிகளும் அறைவெப்பத்தில் ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்கின்றன. நாம் நீட்டினால் வரிசைக்கு வருகின்றன, விட்டால் கலைகின்றன. இந்தக் கலைவின் அளவைத்தான் இயற்பியலில் என்ட்ரோபி என்கிறோம்.

இது உண்மையானால் ஒரு விபரீதம் நடக்க வேண்டும். சூடேற்றினால் பையன்கள் இன்னும் அதிகமாக நெளிவார்கள். எனவே இழுத்துப் பிடித்த ரப்பர் சூட்டில் நீளக் கூடாது, சுருங்க வேண்டும். அப்படியேதான் நடக்கிறது. ஒரு ரப்பர் பேண்டில் சிறிய பூட்டைத் தொங்கவிட்டு, தலைமுடி உலர்த்தும் கருவியால் ரப்பரைச் சூடாக்கிப் பார். பூட்டு கொஞ்சம் மேலே ஏறும். வெயிலில் தண்டவாளம் நீளும் என்று படித்து வளர்ந்த நமக்கு இதை முதல்முறை பார்க்கும்போது கண்ணை நம்ப முடியாது. முப்பது வருடமாகப் பார்க்கிறேன், எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

கருவி எதுவும் வேண்டாம் என்றால் உதடு போதும். அகலமான ரப்பர் பேண்டை மேலுதட்டில் ஒட்டினாற்போல் வைத்துச் சட்டென்று இழு. இளஞ்சூடு தெரியும். இழுத்தபடியே அரை நிமிடம் காற்றில் பிடித்துவிட்டு, மெதுவாகத் தளர்த்தி மறுபடி உதட்டில் வை. குளிர்ந்திருக்கும். இதை முதலில் எழுதி வைத்தவர் இங்கிலாந்தின் கெண்டல் ஊரைச் சேர்ந்த ஜான் கஃப், ஆண்டு 1805. சிறு வயதிலேயே அம்மை நோயில் பார்வையை இழந்தவர் அவர். அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனுக்குக் கணக்கும் அறிவியலும் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். பார்வை உள்ளவர்கள் ரப்பரை நீட்டிப் பார்த்தார்கள். அவர் உதட்டில் வைத்துப் பார்த்தார். அரை நூற்றாண்டு கழித்து, 1859இல், ஜேம்ஸ் ஜூல் அதைத் துல்லியமாக அளந்தார். சங்கிலிகளின் நெளிவுதான் காரணம் என்பது தெளிவாக 1930கள் வரை ஆயிற்று.

இப்போது குழாயடிக்கு வருவோம். தொட்டிக்கு நேர் கீழே, மொட்டை மாடியில் இருக்கும் குழாயில் பலூனை மாட்டினால் சில சமயம் அது வீங்கவே வீங்காது. கீழ்த்தளத்துக் குழாயில் நொடியில் வீங்கிவிடும். பலூனுக்குத் தொடக்கத்தில்தான் அழுத்தம் அதிகம் தேவை, வாயால் ஊதிப் பழகிய எல்லோருக்கும் தெரியும். சிறிய கோளத்தில் தோலின் வளைவு அதிகம். அதே இழுவிசை உள்ளே கூடுதல் அழுத்தமாக மாறுகிறது. எளிய கணக்கின்படி, பலூனின் ஆரம் தொடக்க அளவைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்காகும்வரை அழுத்தம் ஏறும். அதன்பின் இறங்கும். நீ குழாயை மூடுவது இந்தச் சொகுசான இடத்தில். பையன்கள் இன்னும் நெளிந்துகொண்டுதான் இருக்கிறார்கள், கைகளில் தொய்வு இருக்கிறது. அண்ணன் இன்னும் நிரப்புகிறான். ஒரு கட்டத்தில் எல்லாக் கைகளும் முழு நீளத்துக்கு விறைத்துவிடும். நெளிய இடமில்லை. ரப்பர் திடீரென்று கெட்டியாகும், அழுத்தம் மறுபடி ஏறும்.

இனி எறிந்து பார்ப்போம். தண்ணீரை நடைமுறையில் அமுக்கிச் சிறிதாக்க முடியாது. ஒரே கொள்ளளவுக்கு மிகக் குறைந்த மேற்பரப்பு உடைய வடிவம் கோளம். எனவே உருண்டையான தண்ணீர் பலூனை எந்தப் பக்கம் அமுக்கினாலும் சரி, தோலின் பரப்பு கூடியே ஆக வேண்டும். முதுகில் மோதியதும் பலூன் தோசைபோல் தட்டையாகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அகலம் உயரத்தைப்போல் இரண்டு மடங்கானால் பரப்பு சுமார் 10 சதவீதம் கூடுகிறது, நான்கு மடங்கானால் 40 சதவீதத்துக்கும் மேல். உன் பலூனில் அந்த 40 சதவீதத்துக்குத் தொய்வு இருக்கிறது. மோதிய வேகத்தைத் தோல் வாங்கி வைத்துக்கொண்டு, உருண்டைக்குத் திரும்பும்போது கொடுத்துவிடுகிறது. அதுதான் துள்ளல். அண்ணனின் பலூனில் கொடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. எங்கேயோ ஒரு சிறு கீறல், ஒரு தூசி, சட்டைப் பொத்தானின் விளிம்பு. அங்கே கிழிசல் தொடங்குகிறது.

கிழிசல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பாரிஸில் இரண்டு இயற்பியலாளர்கள் பலூன் உடைவதை அதிவேகக் கேமராவில் படமெடுத்து 2015இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அளவாக ஊதிய பலூன் ஒரே கிழிசலில் இரண்டாகிறது. விம்ம விம்ம ஊதியதோ, ஒரு புள்ளியில் தொடங்கிய கிழிசல் கிளை பிரிந்து பிரிந்து நாடா நாடாவாகச் சிதறுகிறது. ஒரு கிழிசல் ஓடக்கூடிய வேகத்துக்கு உச்சவரம்பு உண்டு. அதைத் தொட்டதும் அது இரண்டாகப் பிளக்கிறது. இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், 'பலூன் உடைக்கவா அரசாங்கப் பணம்?' என்று கேட்டார். கார்க் கண்ணாடி நொறுங்குவதற்கும் டயர் வெடிப்பதற்கும் இதே கேள்விதான் அடியில் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் முகம் மாறவில்லை. நம் ஊரில் ஆய்வுக்குப் பணம் கேட்கும் எவரும் முதல் பக்கத்திலேயே 'இதனால் நாட்டுக்கு என்ன பயன்' என்று எழுதியாக வேண்டும். கஃப் உதட்டில் ரப்பர் வைத்ததற்கு என்ன பயன் எழுதியிருப்பார் என்று தெரியவில்லை.

மாணவிக்கு ஓர் உபாயம் சொல்லி முடிக்கிறேன். பலூன் கழுத்தருகே வீங்கத் தொடங்கும்வரை நிரப்பு. அங்கே தொய்வு தீர்ந்துவிட்டது என்று பொருள். முடிச்சுப் போட மட்டும் கொஞ்சம் கழுத்து மிஞ்சட்டும். முகத்துக்குக் குறிவைக்காதே, மாடியில் இருந்து கீழே போடவும் வேண்டாம்: 10 செ.மீ. விட்டமுள்ள பலூனில் அரைக் கிலோவுக்குமேல் தண்ணீர் இருக்கும், 9 மீட்டர் உயரத்தில் இருந்து விழுந்தால் மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் தரையைத் தொடும். உடைந்த துண்டுகளைப் பொறுக்கிவிடு, கைக்குழந்தைகள் வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும்.

பிறகு ஒரு பலூனை அண்ணன்மேல் எறியாமல் மிச்சம் பிடித்து, நூலில் கட்டித் தொங்கவிடு. யாராவது கைபேசியில் மெதுவேகக் காணொளி எடுக்கட்டும், நீ ஊசியால் குத்து. தோல் கண்ணிமைக்கும் முன் சுருண்டு ஓடிவிடும். தண்ணீருக்கு இன்னும் செய்தி எட்டியிருக்காது. நூறில் ஒரு நொடியில் அது அரை மில்லிமீட்டர்தான் விழ முடியும். ரப்பர் உரசிக்கொண்டு போன சிற்றலைகள் மேலே ஓட, தோலே இல்லாத ஒரு தண்ணீர் பலூன் அந்தரத்தில் நிற்பதை ஓரிரு காட்சித் துண்டுகளில் பார்க்கலாம்.